தேதி கடந்த பண்டிகை இனிப்பு

கேள்வி: பண்டிகைக்கு வந்த இனிப்புப் பெட்டிகளில் சில தேதி கடந்துவிட்டன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, சாப்பிடலாமா?

பதில்: எந்தத் தேதி என்று பாருங்கள். ‘இதற்கு முன் சாப்பிட்டால் சிறப்பு’ என்றால் அது சுவைக்கான கெடு. சாக்லேட், கெட்டி மிட்டாய் எல்லாம் உலர்ந்த இடத்தில் மூடி வைத்திருந்தால் கொஞ்ச நாள் கடந்தும் சாப்பிடலாம். சாக்லேட் மேல் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, கொழுப்போ சர்க்கரையோதான். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்றிருந்தால் பேச்சே இல்லை, குப்பைதான். பால், க்ரீம், முட்டை சேர்ந்தவை வாசனை மாறாமல் இருந்தாலும் நம்பாதீர்கள், நோய்க் கிருமி நாறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அப்புறம், சூடாக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விட்டுப்போகும் நச்சு அந்தச் சூட்டுக்கு அசையாது. பூஞ்சையை வெட்டிவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம், மென்மையான பண்டத்தில் அது உள்ளே இறங்கியிருக்கும்.