பித்தப்பை ஆபரேஷனும் வழி மாறிய குழாய்களும்: கேள்வி பதில்

கேள்வி: மனைவிக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) நாள் குறித்துவிட்டார்கள். பித்தக் குழாய் ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார்களே, முன்கூட்டியே எம்.ஆர்.சி.பி. (பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: எல்லோருக்கும் தேவையில்லை. மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, பொதுப் பித்தக் குழாய் வீங்கியிருந்தாலோ எடுப்போம். மாறும் என்பது உண்மைதான். பாடப்புத்தகப் படம் போலவே குழாய் பிரிவது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேருக்குத்தான். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் நாங்கள் கை வைக்கும் இடத்துக்கு மேலே இருப்பவை.

கேள்வி: சார், நான் சர்ஜரி பி.ஜி. எந்த மாறுபாட்டுக்கு நீங்கள் அதிகம் பயப்படுவீர்கள்?

பதில்: கல்லீரலின் வலது பின்பகுதிக் குழாய் நேராகப் பித்தப்பைக் குழாயில் வந்து சேர்வது. ஒரு முறை பித்தப்பைக் குழாயை அடைக்கும் கிளிப்பைக் கையில் வாங்கிவிட்டேன். ஏதோ உறுத்தல். கேமராவின் 30 டிகிரி சாய்வு லென்ஸைச் சுழற்றச் சொன்னால், குழாயின் பின்புறத்திலிருந்து தீக்குச்சிப் பருமனில் இன்னொன்று கல்லீரலுக்குள் ஏறுகிறது! கிளிப்பைப் பித்தப்பைப் பக்கமாகத் தள்ளிப் போட்டேன். அதை வெட்டியிருந்தால் பித்தம் கசியும். ஆனால் பிறகு எடுக்கும் இ.ஆர்.சி.பி. படத்தில் (வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) கசிவே தெரியாது. வெட்டுப்பட்ட கிளை மரத்திலிருந்து பிரிந்துவிட்டது அல்லவா? படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட எந்தக் கிளையைக் காணோம் என்று பார்க்கப் பழகுங்கள். அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் சொன்னதுதான் இன்றும் எங்களுக்குக் காவல்: கொழுப்பை விலக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் அதன் குழாய், அதன் ரத்தக் குழாய் என இரண்டே இரண்டுதான் போகின்றன என்று கண்ணால் பார்க்கும்வரை கத்தரி வேண்டாம்.

கேள்வி: அண்ணனுக்குப் பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். டாக்டருக்குக் கைவரவில்லையா?

பதில்: இல்லை. தெளிவாகத் தெரியாதபோது நிறுத்தத் தெரிந்தவர் என்றுதான் நான் நினைப்பேன்.

கேள்வி: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வயிற்றில் வைத்த வடிகுழாயில் பச்சையாக வந்தது. லுஷ்கா குழாய் கசிவு என்று பித்தக் குழாயில் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டதைத் தைக்காமல் எப்படி ஆறும்?

பதில்: லுஷ்கா 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் உடற்கூறு அறிஞர். அவர் பெயரில் உள்ள குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பித்தப்பை படுத்திருக்கும் கல்லீரல் படுகையில் ஒளிந்திருக்கும், ஆபரேஷன் சமயத்தில் பெரும்பாலும் கண்ணில் படாது. பித்தமும் தண்ணீர் மாதிரிதான், சுலபமான வழியில் போகும். ஸ்டென்ட் வைத்ததும் குடலுக்குப் போகும் வழி லேசாகிவிடுகிறது, ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். காய்ச்சல், வயிறு உப்பல் வந்தால் உடனே போய்க் காட்டுங்கள். அப்புறம், ஸ்டென்டை எடுக்கும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். மறந்துவிட்டு வருடம் கழித்துக் காய்ச்சலோடு வருபவர்கள் உண்டு.

கேள்வி: இரண்டு பித்தப்பை உள்ளவர்களும் உண்டாமே?

பதில்: சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. ஆபரேஷன் முடிந்தும் அதே வலி, ஸ்கேனில் மறுபடி பித்தப்பை என்று ரிப்போர்ட் வந்தால், சட்டென்று ஸ்கேன் எடுத்தவரைத் திட்டிவிடாதீர்கள்.