தபாற்காரர் பதில்கள்: ஒரு வளவு, மூன்று அடுப்பு

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்கா பற்றியவை. நெல்லுக்கு விலை இல்லை, வாய்க்கால் உடைந்து கிடக்கிறது, ஆனாலும் சனத்துக்கு ட்ரம்பைப் பற்றித்தான் கேட்கவேண்டி இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் உப தபாலகத்தில் முத்திரை குத்தியவன் நான். வெளிநாட்டுக் கடிதம் ஒன்று வந்தால் ஊரே எட்டிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: ஐயா, என் தம்பி அகதியாகப் போய் இப்போது நியூ ஜெர்சியில் கடை வைத்திருக்கிறான். போனில் கதைத்தால் 'நான் கன்சர்வேட்டிவ்' என்கிறான். குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்காம். அகதியாகப் போனவனுக்கு இது என்ன பழமைவாதம்?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: முதலில் அந்தத் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'பழமைவாதி' என்றதும் நமக்கு, பெண்பிள்ளை சைக்கிள் ஓடக்கூடாது என்று வேலிக்கு மேலால் சத்தம் போடும் பெரியப்பாதான் நினைவுக்கு வருவார். தம்பி அந்த ரகமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்க கன்சர்வேட்டிவ் என்பது ஒரே வளவுக்குள் மூன்று அடுப்பு எரிகிற வீடு. முதல் அடுப்பு வியாபாரக்காரருடையது: வரி குறையவேண்டும், அரசாங்கம் கடைக்குள் கைவைக்கக் கூடாது. இரண்டாவது கோயிற்காரருடையது: மதம், குடும்பம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு எதைப் படிப்பிப்பது. மூன்றாவது, சோவியத்துக்கு எதிராக இராணுவத்தைப் பலப்படுத்தச் சொன்னவர்களுடையது. 1955இல் வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவியூ' சஞ்சிகையைத் தொடங்கி மூவரையும் ஒரு பந்தியில் இருத்தப் பார்த்தார். 1964இல் அந்தப் பந்தியின் சார்பில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது ஆறே ஆறு மாநிலம். 1980இல் ரீகன் நின்றார், 44 மாநிலம்.

பிறகு 1991இல் சோவியத் ஒன்றியம் இல்லாமற் போனது. பொது எதிரி போன வளவில் என்ன நடக்கும்? எல்லைக் கல்லைப் பார்த்து மூன்று குடும்பமும் முறைக்கத் தொடங்கும். 2003 ஈராக் போரை ஒரு பகுதி தூக்கிப் பிடித்தது. 'எங்கள் பிள்ளைகள் ஏன் அங்கே சாகவேண்டும்' என்று இன்னொரு பகுதி உள்ளுக்குள் புகைந்தது. 2016 பெப்ரவரியில், இராணுவக் குடும்பங்கள் நிறைந்த தென் கரோலினாவில், விவாத மேடையில் நின்றுகொண்டே அந்தப் போர் பெரிய பிழை என்றார் ட்ரம்ப். கதை முடிந்தது என்றார்கள். ஒரு கிழமையில் அதே மாநிலத்தை வென்றார். புகை எவ்வளவு இருந்தது என்று அன்றுதான் வெளியில் தெரிந்தது.

உங்கள் தம்பி எந்த அடுப்புக்காரர் என்று கேட்டுப் பாருங்கள். கடை வைத்திருப்பவர் என்றால் முதலாவதாக இருக்கலாம். குடியேறிகளைத் தடுக்கச் சொல்லும் கட்சிக்கு அகதியாகப் போனவர் வாக்குப் போடுவதா என்பதுதானே உங்கள் கேள்வி? ஏறும் வரைக்கும் 'கொஞ்சம் தள்ளுங்கோ' என்று கெஞ்சிவிட்டு, ஏறிய பிறகு கண்டக்டருக்கு முன்னரே 'இடமில்லை' என்று கத்துகிறவர்களை ஏ9 பஸ்ஸில் தினமும் பார்க்கிறோம்தான். ஆனால் தம்பியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட எனக்கு மனமில்லை. வருடக்கணக்காகக் கடதாசி நிரப்பி, காசு கட்டி, வரிசையில் நின்று பத்திரம் எடுத்தவருக்கு, வரிசை தாண்டியவரைக் கண்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து அந்த எரிச்சலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். ட்ரம்ப் வரி போட்டபோது வேலை போய்விடும் என்று வீடே பயந்தது. சுதந்திர வர்த்தகம் என்று கத்தியவர்களும் இதே கன்சர்வேட்டிவ்கள்தானே?
(திருவையாறு வாசகி)

பதில்: அதே ஆட்கள்தான் அம்மா. உங்கள் பயம் வீண் பயமும் இல்லை. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைக்கு அறிவித்தது 44 வீதம். ஜூலையில் 30 ஆனது. ஓகஸ்டில் 20. வரியைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் அங்கே சாமானை இறக்குகிற அமெரிக்க வியாபாரி. அவர் அதைத் தன் கையில் இருந்து கொடுப்பாரா, கடை விலையில் ஏற்றுவாரா, 'நீங்கள் விலையைக் குறையுங்கள்' என்று நம் பக்கம் தள்ளுவாரா என்பதில்தான் உங்கள் மகளின் ஓவர்டைம் தொங்குகிறது.

இதைப் புதுப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். குடியரசுக் கட்சி வளர்ந்ததே இறக்குமதி வரிக் கட்சியாகத்தான். பின்னர் ஜனாதிபதியான மெக்கின்லியின் பெயரில் 1890இல் வந்த வரிச் சட்டம் பிரசித்தம். அந்த மெக்கின்லியை ட்ரம்ப் வாய் நிறையப் புகழ்கிறார். சுதந்திர வர்த்தகத்தின் குலதெய்வம் என்று சொல்லப்படும் ரீகன்கூட 1983இல் ஜப்பான் மோட்டார் சைக்கிள்களுக்கு வரி போட்டு ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்றினார். ஆலை மூடிப்போன ஓஹாயோ ஊர்க்காரர், தன் வேலையைத்தான் வெளிநாட்டில் யாரோ தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறார். அந்த 'யாரோ'வில் உங்கள் மகளும் சேர்த்தி. அவருக்கு உங்கள் மகளில் கோபம் இல்லை. உங்கள் மகள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

கேள்வி: அமெரிக்காவில் கருக்கலைப்பைத் தடை செய்துவிட்டார்களா?
(மாங்குளம் வாசகி)

பதில்: நாடு முழுக்க இல்லை. கருக்கலைப்பு அரசமைப்பு தந்த உரிமை என்ற 1973 தீர்ப்பை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்து, 'அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டது. சில மாநிலங்களில் தடை, சிலவற்றில் முன்போலவே. கோயிற்கார அடுப்பு ஐம்பது வருடம் ஊதி ஊதிப் பற்றவைத்த நெருப்பு அது. நம் நாட்டில் 1883இன் தண்டனைச் சட்டக் கோவை இன்னும் அப்படியே இருக்கிறது: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி. அவர்கள் தெருவில் இறங்கிச் சண்டை பிடிக்கும் விடயத்தை நாம் வாய் திறந்து கதைப்பதே இல்லை.

கேள்வி: அங்கே ஆளுக்கொரு துவக்கு வைத்திருக்கிறார்களாமே! இங்கே பன்றிக்கு ஒரு சொட்கன் எடுக்கக் கச்சேரிக்கு எத்தனை தரம் நடக்கவேண்டி இருக்கிறது!
(துணுக்காய் விவசாயி)

பதில்: அண்ணை, அவர்களுக்கு அது 1791இல் அரசமைப்பிலேயே எழுதிக் கொடுத்த உரிமை. ஆங்கிலத்தில் 27 சொற்கள்தான். வீட்டில் தற்காப்புக்குத் துவக்கு வைத்திருப்பதும் அதற்குள் அடங்கும் என்று 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் தீர்த்தார்கள். கன்சர்வேட்டிவ்களின் வாதம் பன்றியோடு நிற்காது. அரசாங்கம் அடக்க வந்தால் குடிமகன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பார்கள். இதை டெக்சாஸில் இருந்து வாசித்தால் ஒரு மாதிரி இருக்கும். நான் வாசித்தது முள்ளியவளையில், மாமரத்துக்குக் கீழே இருந்து. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் எழுத்து இல்லை.

கேள்வி: நான் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். 2025 தொடக்கத்தில் அமெரிக்கக் காசு நின்றபோது எங்களையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்தக் காசை நிறுத்தியதற்கு நியாயம் ஏதும் இருக்கிறதா?
(பளை வாசகி)

பதில்: அவர்கள் சொல்லும் நியாயத்தைச் சொல்கிறேன், ஏற்பது உங்கள் பாடு. பதவி ஏற்ற அன்றே, 2025 ஜனவரி 20, வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தச் சொன்னார் ட்ரம்ப். ஒவ்வொரு டொலரும் அமெரிக்காவைப் பாதுகாப்பாக, பலமாக, வளமாக ஆக்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் வெளியுறவுச் செயலாளர் மார்கோ ரூபியோ. 1961இல் கென்னடி தொடங்கிய, வெளிநாட்டு உதவி கொடுக்கும் நிறுவனமான யூஎஸ்எயிட் 2025 ஜூலை 1ஆம் திகதியோடு முடிந்தது. காசு எங்கே போகிறது என்று வரி கட்டுகிறவன் கேட்பது நியாயமான கேள்விதான். 'செயலமர்வு' என்று கூப்பிட்டு, மதியச் சோற்றுப் பொதியும் ஒரு கொப்பியும் தந்து, கையெழுத்து வாங்கிப் போன கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். அதை நிறுத்தினால் எனக்குக் கண்ணீர் வராது.

உங்கள் வேலை அந்த வகை இல்லை. ஒருமுறை உங்களைப் போன்ற ஒரு பிள்ளை வேலை செய்வதைத் தள்ளி நின்று பார்த்தேன். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குப் பாரமான கவசம், வெயில் உச்சியில். முழங்காலில் இருந்து மண்ணைப் பக்குவமாகச் சுரண்டுகிறாள். பக்கத்தில் வெள்ளைத் தடி, சிவப்புத் தடி. அரை மணி நேரத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம்கூட முடியவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028க்குள் துப்புரவாக்கவேண்டும். அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. ஆனால் பல வருடமாக இங்கே வெடி கிண்டப் பெரும் பங்கு காசு கொடுத்தது அதுதான். வெளிநாட்டு உதவி முழுவதையும் கூட்டினாலும் அவர்களின் மத்திய வரவுசெலவில் ஏறக்குறைய ஒரு வீதம். கணக்குப் பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? முழங்காலில் இருக்கிற பிள்ளையை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டா பார்க்கவேண்டும்?

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: தமிழருக்கு நல்லது குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா?
(விசுவமடு வாசகர்)

பதில்: 1997 ஒக்டோபர். கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பொடியன் பெடலைக் கையால் சுற்ற, பிபிசி தமிழோசை கேட்போம். சுற்று தளர்ந்தால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். அமெரிக்கா முப்பது அமைப்புகளைத் தடைப் பட்டியலில் போட்டது என்று செய்தி. முக்கியமான இடத்தில் பொடியன் கை மாற்றினான், குரல் போய்விட்டது. 'சுத்தடா!' என்று ஆறு பேர் கத்தினோம். திரும்பக் குரல் வந்தபோது புலிகளின் பெயர் சொல்லி முடிந்திருந்தது. பிறகு நாலு வீடு தள்ளிக் கேட்டுத்தான் உறுதிப்படுத்தினோம்.

அந்தப் பட்டியலைப் போட்டது ஜனநாயகக் கட்சி கிளின்டனின் அரசாங்கம். அதற்கு வழிவிட்ட 1996 சட்டத்தை நிறைவேற்றியது குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த காங்கிரஸ். இனிக் கேளுங்கள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 2012, 2013, 2014 ஜெனீவாத் தீர்மானங்களைக் கொண்டுவந்தது ஒபாமாவின் அரசாங்கம். 2018இல் அந்தப் பேரவையை விட்டே வெளியேறினார் ட்ரம்ப்: கியூபாவும் சீனாவும் இருந்து நீதி சொல்லும் சபையில், இஸ்ரேலை மட்டும் குறிவைக்கும் சபையில், எங்களுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். சரி, ட்ரம்ப் என்றால் கைவிடல் என்று எழுதிவிடலாமா? 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டதும் அதே ட்ரம்ப் அரசாங்கம்தான். 2023இல் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்குத் தடை போட்டது பைடன் அரசாங்கம்.

அவர்கள் கணக்குக் கொப்பியில் நமக்குத் தனிப் பக்கம் இல்லை. சீனா, இந்தியா, துறைமுகம் என்று போட்ட பக்கங்களின் ஓரத்தில் நம் பெயர் எப்போதாவது வரும்.

கேள்வி: அமெரிக்காவில் பிறந்தாலும் குடியுரிமை இல்லை என்று ட்ரம்ப் கட்டளை போட்டாராமே. என் அம்மம்மா அட்டனில் பிறந்தவ. 77 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவ. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு 'இது எங்கட கதையெல்லோ' என்றா. உண்மையா?
(கிளிநொச்சி பாரதிபுரம் வாசகர்)

பதில்: அம்மம்மாவிடம் சொல்லுங்கள், அவ பிடித்த இடம் சரி. 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் குடிமகன் என்கிறது. சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வொங் கிம் ஆர்க் 1898இல் வழக்காடி வென்றார். ட்ரம்ப் பக்கம் சொல்வது: சட்டவிரோதமாக வந்தவரின் பிள்ளை அந்த 'சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட' என்ற சொற்களுக்குள் வராது. கட்டளை வந்து மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். அப்பட்டமாக அரசமைப்புக்கு முரண் என்றார். அவர் ரீகன் நியமித்த நீதிபதி! வளவுக்குள் சண்டை என்று மேலே எழுதியது இதைத்தான். ஒருவருக்கு எல்லையைக் காப்பது கன்சர்வேட்டிவ் வேலை, மற்றவருக்கு எழுத்தைக் காப்பது.

நம் கதையில் எழுத்தே எதிராக எழுதப்பட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த இடத்தைப் பார்க்கவில்லை, 'அப்பன் எங்கே பிறந்தான், காட்டு' என்றது. தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழர் ஒரு சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003 சட்டம் வரை இழுபட்டது.

எண்பதுகளில் உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். 'தகப்பன் பிறந்த இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். பத்திரம் கிடைத்தவர்கள் அதைப் பொலித்தீனில் சுற்றி பிஸ்கட் ரின்னில் வைத்து, 2009இல் மாத்தளன் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். நகையை விட்டார்கள், அந்த ரின்னை விடவில்லை.

அம்மம்மாவின் பத்திரம் இன்னும் இருந்தால் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை லாமினேற் செய்யவேண்டாம். லாமினேற் செய்த பத்திரத்தை வாங்கமாட்டோம் என்று ஒரு கந்தோரில் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.