ஹீட்டரை நானே மாட்டலாமா, பிளம்பர்தான் மாட்ட வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். உரிமையாளர் வைத்திருந்த 15 லிட்டர் ஹீட்டரின் தொட்டி ஓட்டையாகி ஒழுகுகிறது. "நீங்களே ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்" என்று போனில் சொல்லிவிட்டார். அதே அளவில் புதியது வாங்கிவிட்டேன். குழாய் வேலை ஓரளவு தெரியும். நானே மாட்டினால் சட்டப்படி தவறா? வாரண்டி போய்விடுமா? கீழ் வீட்டுக்குத் தண்ணீர் இறங்கினால் யார் பொறுப்பு? காலி செய்யும்போது ஹீட்டரை எடுத்துச் செல்லலாமா?

பதில்: மாட்டியது நீங்களா பிளம்பரா என்பதைவிட, மின் இணைப்பில் ஏதாவது மாறியதா என்பதையே சட்டம் முதலில் பார்க்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் முதலில் 2010இல் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டுக்கானவை. அவற்றின்படி ஒரு வீட்டின் மின்வேலையை, அது புதிதாகச் சேர்ப்பதோ மாற்றுவதோ பழுதுபார்ப்பதோ எதுவானாலும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மிகாத வீட்டுச் சாதனம் ஆகியவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றுவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழையது 2000 வாட், புதியதும் 2000 வாட், அதே 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் என்றால் நீங்கள் அந்த விலக்குக்குள் நிற்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம்.

வாங்கிய பெட்டியின் மேல் 3000 வாட் என்று இருந்தால் கதை வேறு. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் 13 ஆம்பியர் இழுக்கும். 1.5 சதுர மி.மீ. வயர் போட்ட பழைய லைனில் இதை மாட்டினால் வயர் சூடாகி, பிளக்கின் கால்கள் கருகும். 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுக்கவோ அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபியை மாற்றவோ நேர்ந்தால் அது விலக்குக்குள் வராது. பிளம்பரைக் கூப்பிட்டாலும் இந்தச் சிக்கல் தீராது. அவருக்கும் மின்வேலை உரிமம் கிடையாது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தந்த உரிமத்தின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அப்படிப்பட்டவரிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.

எந்த வாட் ஆனாலும், மாட்டும் முன்பு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு கம்பியாளரை வைத்துச் சோதியுங்கள். பல வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை, அதாவது எர்த் ஓட்டை, பெயருக்குத்தான் இருக்கிறது. பின்னால் வயரே இல்லை. போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரைச் சூடாக்கும் காயில் உடைந்து தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் குளிப்பவரைக் காப்பாற்றுவது அதுதான். அலட்சியமான வேலையால் ஓர் உயிர் போனால் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு வரும். தண்டனை ஐந்து ஆண்டு வரை. வேலை செய்தது நீங்களானாலும் பிளம்பரானாலும் அந்தப் பிரிவுக்கு வேறுபாடு இல்லை.

வாரண்டிக்கு வருவோம். வாரண்டி அட்டையை இன்றே எடுத்து, நிறுவுவதைப் பற்றிய வரியைத் தேடுங்கள். 'எங்கள் ஆளோ தகுதி பெற்றவரோ மாட்ட வேண்டும்' என்று இருக்கலாம். 'தவறாக மாட்டியதால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை' என்று மட்டும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில், பழுதுக்குக் காரணம் நீங்கள் மாட்டிய விதம்தான் என்று நிறுவனம் காட்ட வேண்டியிருக்கும். தொட்டியின் வெல்டிங் விட்டுப்போனதற்கும் நீங்கள் குழாய் மாட்டியதற்கும் தொடர்பில்லை என்று வாதாட இடமுண்டு. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது. முதல் வகை என்றால் வழக்கு கடினம். மாட்டும் கட்டணத்தைக் கொடுத்து நிறுவனத்தின் ஆளையே வரவழைத்து, அட்டையில் தேதியும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். தொட்டிக்குப் பல ஆண்டு வாரண்டி தருகிறார்கள். ஒருநாள் கூலியை மிச்சப்படுத்த அதை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்களே மாட்டுவதாக முடிவு செய்தால், நிறுவனம் மறுப்பதற்குக் கைகொடுக்கும் தவறுகள் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, தொட்டியில் அழுத்தம் மிகும்போது தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வு. அது நீல நிறக் குறியுள்ள குளிர்நீர் வாயிலில் நேரடியாக இருக்க வேண்டும். அதற்கும் தொட்டிக்கும் நடுவில் எந்த அடைப்பானும் வரக்கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் விரிகிறது. குழாய் மூடியிருந்தால் அந்தக் கால் லிட்டர் வால்வின் வழியாகச் சொட்டும். இது பழுதல்ல. 'ஒழுகுகிறதே' என்று வால்வின் அந்தச் சொட்டும் வாயில் மூடி போட்டு அடைப்பவர்கள் ஏராளம். சூடு போதுமானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் தொட்டி வெடிக்க அதுவே போதும். அங்கே ஒரு சிறு குழாய் மாட்டித் தரை வடிகாலுக்கு விடுங்கள்.

வெந்நீர்ப் பக்கம், சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாய் மட்டுமே. சாதாரண யுபிவிசி அந்தச் சூட்டில் இளகி, இணைப்பு கழன்றுவிடும்; பாதி ராத்திரியில் கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். 15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 20 கிலோவைத் தாண்டும். ஆங்கர் போல்ட் செங்கல்லில் பிடிக்க வேண்டும், பூச்சில் அல்ல. ஹாலோ பிளாக் சுவரென்றால் அதற்கென உள்ள ஆங்கர் வேண்டும். குடியிருப்பில் பிரஷர் பம்ப் இருந்தால் அழுத்தத்தைக் கேட்டு, ஹீட்டரின் தகட்டில் உள்ள அழுத்த அளவோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால் காயில் நிமிடங்களில் கருகும். அந்தக் கருகல் சர்வீஸ் ஆளின் கண்ணுக்கு உடனே தெரியும்.

கீழ் வீட்டுக் கூரை நனைந்தால் அந்த வீட்டுக்காரர் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். இழப்பீடு கேட்க அவர் உங்கள் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். நீங்களே மாட்டியிருந்தால் அது அவருக்குச் சுலபம். தனியாகத் தொழில் செய்யும் பிளம்பர் மாட்டியிருந்தால், அவருடைய தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பல்ல என்பது பொதுவான விதி. ஆனால் தகுதியில்லாதவரைத் தெரிந்தே வைத்தாலோ, ஒழுகுவது தெரிந்தும் ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடாமல் விட்டாலோ அந்த விதி உங்களைக் காக்காது. கீழ் வீட்டுக்காரர் பிளம்பருக்குப் பணம் கொடுத்த நுகர்வோர் அல்ல என்பதால் அவர் போக வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம். நீங்கள் பிளம்பர்மீது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு.

இவையெல்லாம் நடக்கக் காகிதம் வேண்டும். பிளம்பர் பில் தரமாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததே. அதனால் வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: 'பழைய 15 லிட்டர் ஹீட்டரைக் கழற்றிப் புதியது மாட்ட, சேஃப்டி வால்வு, இரண்டு கனெக்‌ஷன் பைப் உட்பட, பேசிய கூலி இவ்வளவு.' அவர் 'சரி' என்று போட்டால் போதும். கூலியை யுபிஐயில் கொடுங்கள். முடிந்ததும் வால்வு, குழாய், ஆங்கர், தகட்டிலுள்ள வரிசை எண், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

உரிமையாளர் விஷயத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஹீட்டர் பழுதை வாடகைதாரர் பார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் வைக்கிறது. குழாய்களை மாற்றுவதும் பெரிய வயரிங் வேலையும்தான் உரிமையாளரின் பட்டியலில் உள்ளவை. இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்று நீங்கள் வாதாடலாம். ஆனாலும் கேட்காமல் வாடகையில் கழித்துக்கொள்ளாதீர்கள். அது வாடகைப் பாக்கி வழக்காகத் திரும்பி வரும்.

நீங்கள் வாங்கிய ஹீட்டர் உங்களுடையது. வீட்டை ஒப்படைக்கும் முன்பு, பெற்ற நிலையில் வீட்டை விட்டுவிட்டு, நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ள சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு இடம் தருகிறது. 'பெற்ற நிலை' என்பதில் அந்தப் பழைய ஹீட்டரும் அடக்கம். ஓட்டை விழுந்திருந்தாலும் அது உரிமையாளருடைய சொத்து. காயலான் கடையில் போட்டால் முன்பணத்தில் பிடிக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். போனில் சொன்னதை இன்றே எழுத்தில் கொண்டுவாருங்கள்: 'நீங்கள் சொன்னபடி ரூ. ... கொடுத்துப் புதிய ஹீட்டர் வாங்கியிருக்கிறேன். காலி செய்யும்போது இதை எடுத்துச் செல்வேன், அல்லது நீங்கள் விலை கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பழையதை எங்கே தர வேண்டும்? சுவரில் புதிதாகத் துளையிடச் சம்மதமா?' பதில் வரும்வரை பழையதை ஒழுகாமல் வடித்து, பால்கனியில் வைத்திருங்கள்.