பழைய கணினியில் பர்மிய எழுத்து: கேட்டவர்களுக்குச் சொன்னவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பர்மியம் பேச வராது. பக்கம் வடிவமைக்கிற வேலை என்பதால், எழுத்து உடைந்திருந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று மட்டும் தெரியும். கேட்பவர்கள் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். கட்டமாகத் தெரிகிறதா, பிரிந்து தெரிகிறதா, நன்றாகத் தெரிந்தும் அர்த்தம் கெட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

கேள்வி: அண்ணா, விண்டோஸ் 7 கணினி. ரங்கூனில் இருக்கிற அத்தை அனுப்பும் மின்னஞ்சலில் பர்மிய வரியெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. என்ன செய்வது?

கட்டம் என்றால் உங்களுக்குச் சுலபம், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸோடு பர்மிய எழுத்துரு (மியான்மர் டெக்ஸ்ட் என்று பெயர்) வர ஆரம்பித்ததே 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்துதான். எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாகத் தருகிற படௌக் எழுத்துருவை இறக்கி, வலது சொடுக்கில் இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7க்கு ஃபயர்ஃபாக்ஸின் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தருகிற பதிப்பு) வரிசைதான் கடைசி, அதுவே போதும். படௌக் என்பது அங்கே சித்திரை வாக்கில் முதல் மழைக்குப் பூக்கிற மஞ்சள் பூ. நம் வேங்கை மரத்துக்குச் சொந்தக்கார மரம்தான்.

கேள்வி: நான்தான் அண்ணா, மறுபடியும். ஃபயர்ஃபாக்ஸில் அருமையாக வந்துவிட்டது. அதையே நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எழுத்தெல்லாம் இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. ஃபான்ட் கெட்டுப்போச்சா?

ஃபான்ட் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கிற வேலை, அதாவது ரெண்டரிங், விண்டோஸ் 7இல் பர்மியத்துக்குக் கிடையாது. நம் ‘கெ’யை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கொம்பு முன்னால், ககரம் பின்னால். கணினிக்குள்ளே ககரம்தான் முதலில், கொம்பு அதற்கு அப்புறம். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது ரெண்டரிங்கின் வேலை. பர்மியத்திலும் அச்சாக இதே போல ஒரு கொம்பு உண்டு, தவேதோ என்பார்கள். அது போதாதென்று ஓர் எழுத்தின் காலடியில் இன்னொன்று அடுக்காக உட்காரும், ரகரக் குறியோ மெய்யெழுத்தை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொள்ளும், அதுவும் எழுத்தின் அகலத்துக்கு ஏற்ற மாதிரி நீளும், சுருங்கும். இதையெல்லாம் செய்ய ஆள் இல்லாவிட்டால் கொம்பு பின்னால் நிற்கும், அடுக்கு பிரிந்துவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ் இந்த வேலைக்கு விண்டோஸை நம்புவதில்லை, கையோடு ஆளைக் கொண்டுவருகிறது. நோட்பேட் விண்டோஸையே நம்பியிருக்கிறது. ஆகவே ஆவணம் எழுத லிப்ரே ஆபீஸ் போடுங்கள், 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து அதுவும் சொந்தமாகவே கோத்துக்கொள்கிறது. கோப்புப் பெயரைப் பர்மியத்தில் வைக்காதீர்கள், அதைக் காட்டுவது விண்டோஸ்.

கேள்வி: புதுக் கணினியிலிருந்து மியான்மர் டெக்ஸ்ட் ஃபான்ட்டையும் எழுத்தைக் கோத்துக் கொடுக்கிற யுஎஸ்பி10 (usp10) என்ற டிஎல்எல் கோப்பையும் எடுத்துப் பழையதில் போட்டால் சரியாகும் என்கிறார்களே?

ஃபான்ட்டை மட்டும் கொண்டுவந்தால் மேலே சொன்ன சிதறல்தான் வரும். டிஎல்எல் விஷயத்தில் கை வைக்க வேண்டாம். தப்பித் தவறி ஏதாவது ஆனால் பர்மியம் மட்டுமல்ல, தமிழ், ஆங்கிலம் எதுவும் திரையில் வராது.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது எக்ஸ்பி. தமிழுக்கே அந்தக் காலத்தில் சிடி போட்டு ஏதோ டிக் செய்த ஞாபகம்.

அதே டிக்தான், ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று கேட்டு ஐ386 கோப்புறையைத் தேடச் சொல்லும், சிடி எங்கே வைத்தோம் என்று வீடே புரளும். ஆனால் அந்த டிக்கில் பர்மியம் அடங்காது. எக்ஸ்பிக்கு ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர், லிப்ரே ஆபீஸ் 5.4, இரண்டும்தான் கடைசி. படௌக்கும் இவையும் இருந்தால் படிக்கலாம், எழுதலாம். வங்கிக் கணக்கையெல்லாம் அந்தக் கணினியில் திறக்காதீர்கள் ஐயா.

கேள்வி: கட்டமும் இல்லை, நோட்பேடும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், படௌக் இரண்டும் உண்டு. ஒரு தளம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, இன்னொரு தளத்தில் நடுநடுவே புள்ளி வட்டம் வருகிறது, கொம்பு தனியாகத் தொங்குகிறது.

இதற்குத்தான் காத்திருந்தேன். உங்கள் கணினி மேல் குற்றமே இல்லை. இரண்டாவது தளத்தில் இருப்பது ஜோஜி.

எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் தருகிற பொதுப் பட்டியல்தான் யூனிகோடு. பர்மியம் அதில் 1999இல், 3.0 பதிப்பில், ஏறியது. ஆனால் வடிவம் சரியாக நிலைப்பட்டது 2008இல் வந்த 5.1இல்தான். அதுவரை நம் புள்ளி மாதிரியான குறிக்குக்கூடத் தனி இடம் இல்லை. (அந்தக் குறிக்கு அங்கே அதத் என்று பெயர், ‘கொல்வது’ என்று பொருள். உயிரைக் கொன்று மெய்யாக்குகிறதாம்!) அந்த இழுபறிக் காலத்தில் வந்ததுதான் ஜோஜி என்ற எழுத்துரு. யோகி என்ற சொல்லின் பர்மிய வடிவம், கதைகளில் வருகிற மந்திரச் சித்தர். பெயருக்கேற்ற வித்தைதான் அது செய்தது. யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்தை வைத்தது. ரகர வளையத்துக்கு யூனிகோடில் ஒரே எண், ஜோஜியில் அகலத்துக்கு ஒன்றாகப் பல. இடம் போதாதபோது ஷான், மோன், கரென் மொழிகளின் எழுத்துக்கு ஒதுக்கிய எண்களையும் பிடித்துக்கொண்டது. அந்த மக்கள் தங்கள் மொழியை அதில் எழுதவே முடியாமல் போனது. நான் ஜோஜியை மன்னிக்காதது அதனால்தான்.

ஆனால் ஒன்று, அதற்கு ரெண்டரிங் தேவையில்லை. எக்ஸ்பியில் போட்டவுடன் தெரியும். ஊர் முழுக்க எக்ஸ்பி இருந்த காலத்தில் மக்கள் வேறு எதை எடுப்பார்கள்? அப்புறம் கைபேசிகளிலும் அதுவே ஏறிவிட்டது. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவது என்று மியான்மர் அரசு நாள் குறித்தது. அதற்கு முந்தைய பக்கங்கள் பாதிக்கு மேல் ஜோஜியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே திறவுங்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. கொம்பு உள்ள சொல் ஒன்றை நகலெடுத்து ஒட்டுங்கள். ‘நே’ என்று ஒலிக்கிற சின்னச் சொல் எங்கும் கிடைக்கும், சூரியன் என்று பொருள். கடைசியில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். தமிழில் ‘தெ’யில் தட்டினால் கொம்பு போய் தகரம் நிற்கும் அல்லவா, அப்படிக் கொம்பு போனால் யூனிகோடு. மெய்யெழுத்து போய்க் கொம்பு மட்டும் அம்போவென்று நின்றால் ஜோஜி.

கேள்வி: அப்படியானால் ஜோஜி ஃபான்ட்டையும் போட்டுக்கொண்டால் தீர்ந்தது இல்லையா?

படிக்க மட்டும் என்றால் போடுங்கள். அதை உலாவியின் பொதுப் பர்மிய எழுத்துருவாக வைத்துவிட்டால் யூனிகோடு பக்கங்களெல்லாம் உடையும், தலைவலி இடம் மாறும். மாற்றிப் படிப்பதே நல்லது. ரேபிட் என்ற மாற்றி இருக்கிறது, ஒட்டினால் யூனிகோடாகத் தரும்.

மாற்றுவதற்கு முன் பேக்ஸ்பேஸ் சோதனையைச் செய்யுங்கள். நான் ஒரு முறை நாற்பது பக்கக் கோப்பைச் சோதிக்காமல் மாற்றியில் போட்டேன். அதில் முன்பாதி ஏற்கெனவே யூனிகோடு, பின்பாதிதான் ஜோஜி, இருவர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். மாற்றி முன்பாதியைக் கொத்துக்கறி போட்டுவிட்டது. மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவைத்த என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல.

கேள்வி: மணிப்பூர் எல்லையில், மோரேயில் கடை வைத்திருக்கிறோம் சார். எல்லை தாண்டி வருகிறவர்களுக்குப் பர்மியத்தில் விலைப்பட்டியல் ஒட்ட வேண்டும். கடைக் கணினி விண்டோஸ் 7. தட்டச்சு செய்யவும் வேண்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமுவில் ஒருவர் அச்சடித்தும் தர வேண்டும்.

தட்டச்சுக்குப் பர்மிய விசைப்பலகை தருகிற கீமேஜிக் அல்லது கீமேன் மென்பொருளைப் போடுங்கள், லிப்ரே ஆபீஸில் அடியுங்கள். உங்களுக்குத் தட்டித் தருகிற பையன் ஜோஜியில் பழகியவனாக இருந்தால் கொம்பை முதலில் தட்டித்தான் பழக்கம். யூனிகோடு விசைப்பலகையில் சிலவற்றில் மெய்யெழுத்துதான் முதலில், முதல் வாரம் திட்டுவான். புது விண்டோஸ் கணினி வாங்கும் நாளில் ‘விஷுவல் ஆர்டர்’ என்று ஒரு பர்மிய விசைப்பலகை இருக்கும், அதில் கொம்பை முதலில் தட்டலாம், உள்ளே சரியான வரிசையில் போய் உட்காரும்.

அச்சுக்கு லிப்ரே ஆபீஸிலிருந்தே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும், அங்கே எவ்வளவு பழைய கணினி இருந்தாலும் அப்படியே அச்சாகும். ஆவணக் கோப்பைக் கொடுத்தால் விலையெல்லாம் சிதறி ஒட்டுவீர்கள்.

கேள்வி: லினக்ஸ் போட்டால்?

நல்லது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் படௌக் பொட்டலம் தயாராக இருக்கிறது, ஒரே கட்டளை, ரெண்டரிங் ஏற்கெனவே உண்டு. ஜோஜிக் கோப்பு அங்கேயும் ஜோஜிதான்.

கேள்வி: அப்பாவின் பழைய சிடியில் ஒரு வேர்டு கோப்பு. பர்மியம் என்று எழுதிவைத்திருக்கிறார். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம். ஜோஜியா யூனிகோடா?

இரண்டும் இல்லை, அதற்கும் முந்தியது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்த அனுபவம் உண்டா? அதே கதை. ஆங்கில எழுத்தின் இடத்தில் பர்மிய உருவத்தை வைத்த எழுத்துருக்கள் அங்கே நிறைய, வின் இன்வா அவற்றில் பேர்போனது. கூளத்தைத் தேர்வு செய்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். அந்த ஃபான்ட் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் இருக்கும். பெயரைச் சொல்லுங்கள், அதற்கான மாற்றி ஒன்றைத் தேடித் தருகிறேன். அதுவரை கோப்பைத் திறந்து ‘சேமிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.