பாஸ்டரைக் கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவா?

கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறவர். பாஸ்டர் சொன்ன தீர்க்கதரிசனத்தைச் சந்தேகித்ததற்கு, ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று அடக்கிவிட்டார்களாம்.

அது சங்கீதம் 105:15. அங்கே பேசப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. அவர்களை ஒடுக்காதபடி ராஜாக்களுக்கு விட்ட எச்சரிக்கை. உபதேசத்தை ஆராயக்கூடாது என்று அதில் இல்லவே இல்லை. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினமும் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்றே சொல்கிறது.

1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து செய்த ஊழியத்தின் வழியில் வளர்ந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆயர் மாறுவார், விசுவாசப் பிரமாணம் மாறாது. சபையார் எழுந்து நின்று சொல்லும் அந்த அறிக்கைக்கு ஆயரும் கட்டுப்பட்டவர். (அங்கேயும் கமிட்டித் தேர்தல் சண்டைகள் உண்டு, வேதனைதான்.) தனிச்சபையை நிறுவிய பாஸ்டருக்கு இடமாற்றம் கிடையாது. மேலே கேட்க ஆளில்லாத இடத்தில், நேற்று அவருக்கு வந்த வெளிப்பாடே இன்று உபதேசமாகிவிடும். அவரை விட்டு விலகினால் கர்த்தரையே விட்டதாகப் பயமுறுத்துவார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன்.

தைரியமாகக் கேளுங்கள்: இது வேதத்தில் எங்கே இருக்கிறது? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? பதிலுக்குச் சாபம் விட்டால், வேறு சபை தேடுங்கள்.