ஃபரோஸ் தீவு எங்கே போனது?

பழைய நூல்கள் ஃபரோஸைத் தீவு என்கின்றன, வரைபடத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகர் அருகே அப்படியொரு தீவே இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். நூலும் சரி, வரைபடமும் சரி. கி.மு. 331இல் அலெக்சாண்டர் நகரை நிறுவியபோது அது தீவுதான். அவருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் காலத்தில் கடலுக்குள் சுமார் 1.2 கி.மீ. நீளத்துக்குக் கரை போட்டுத் தீவை இணைத்தார்கள். துறைமுகம் கிழக்கு, மேற்கு என இரண்டானது அப்படித்தான். அப்புறம் அந்தக் கரையின் இருபுறமும் மணலும் வண்டலும் ஒதுங்கி, மெல்ல அகன்று, ஒட்டோமான் காலத்தில் அதன்மேல் ஓர் ஊரே எழுந்துவிட்டது. தெருக்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கழுத்துப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கிழக்கு முனையில் கைத்பே கோட்டை தெரியும். 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சிதைந்த கலங்கரை விளக்கம் இருந்த இடம். அங்கிருந்து மேற்கே ராஸ் எல்-தின் அரண்மனைவரை நீள்வதுதான் நீங்கள் தேடும் தீவு.