தோண்டிக் கொடுத்த மரம் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: புங்கன், வேம்பு, மகிழம் வளர்த்து, தோட்டம் அமைப்பவர்களுக்கு விற்கிறேன். நிலத்தில் வளர்ந்து, எட்டு பத்து அடி உயரத்தில் தோண்டிக் கொடுத்தவற்றில் பாதி ஒரே மாதத்தில் பட்டுப்போகின்றன. பையில் வளர்த்தவை நன்றாகத் தழைக்கின்றன, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் காற்றுக்குச் சாய்கின்றன. உரமும் மருந்தும் குறைவில்லாமல் கொடுக்கிறேன். எங்கே தவறு?

பதில்: வணக்கம் ஐயா. உரத்தையும் மருந்தையும் விடுங்கள். மரம் பட்டுப்போவதற்கும் சாய்வதற்கும் காரணம் வேர்தான்.

முதலில் நிலத்து மரம். நீரை உறிஞ்சும் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், கிளைப் பரப்பையும் தாண்டி ஓடியிருக்கும். தோண்டும்போது மொத்த வேரில் பத்தில் ஒன்பது பங்கு குழியிலேயே நின்றுவிடும். இலைகள் மட்டும் பழைய அளவுக்கே நீர் கேட்கும். அதனால்தான் ஒரு மாதத்தில் கருகுகிறது.

இதற்கு வழி, விற்பதற்கு நான்கு முதல் ஆறு மாதம் முன்பே வேரை வெட்டிப் பழக்குவது. தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தண்டின் குறுக்களவை எடுங்கள். வேரோடு சேர்த்துத் தோண்டி எடுக்கும் தாய்மண் உருண்டைக்கு அதைப்போல் 10 முதல் 12 மடங்கு அகலம் வேண்டும். 5 செ.மீ. தண்டுக்கு 50 முதல் 60 செ.மீ. அந்த வட்டத்துக்குச் சற்று உள்ளே, கூரான மண்வெட்டியால் பாதிச் சுற்றை மட்டும் வெட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து மீதிப் பாதி. புது வேர்கள் வெட்டுவாய்க்கு அருகிலிருந்துதான் கொத்தாகக் கிளம்பும். ஆகவே கடைசியில் தோண்டும்போது பழைய வெட்டுக்கு நாலு விரல் வெளியே தோண்ட வேண்டும். பழைய கோட்டிலேயே தோண்டினால் ஆறு மாத உழைப்பும் மண்ணோடு போகும். இந்த ஒரு இடத்தில் ஆட்களைத் தனியாக விடாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்பு நன்றாக நீர் பாய்ச்சினால் மண் உதிராது. கோணியால் இறுக்கிக் கட்டுங்கள். 60 செ.மீ. உருண்டை 150 கிலோவை நெருங்கும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே வேர் அறுந்துவிடும், அடியில் தாங்கித்தான் தூக்க வேண்டும். பொல பொலவென்ற மணற்பாங்கான நிலத்தில் உருண்டை நிற்பது கடினம், அங்கே பையில் வளர்ப்பதே மேல். தளதளவென்று இளந்தளிர் விட்டிருக்கும் நேரத்திலும் தோண்ட வேண்டாம்.

இனி பை மரம். பையின் சுவரில் முட்டிய வேர் திரும்பி வட்டமாகச் சுற்றும். நட்ட பிறகும் அந்தச் சுற்று அவிழாது. வேரும் தண்டும் பருக்கப் பருக்க, அதே வேர் தண்டின் கழுத்தை நெரிக்கும், பக்கவாட்டில் பிடிமானமும் இருக்காது. காற்றுக்குச் சாய்வது இதனால்தான். பை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேர்க்கட்டின் வெளிச்சுற்றை இரண்டு மூன்று செ.மீ. தடிமனுக்குச் சீவிவிடுங்கள். பார்க்க மனம் கலங்கும், ஆனால் மரம் தாங்கும். தண்டு விரிந்து வேராகப் பிரியும் கழுத்துப் பகுதி வெளியே தெரிய வேண்டும். பெரிய பைக்கு மாற்றும்போது ஆழத்தில் இறக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

குச்சியில் இறுக்கிக் கட்டி வளர்ப்பதும் வேண்டாம். காற்றில் அசைந்தால்தான் தண்டு அடியில் பருக்கும். கீழ்க்கிளைகளைச் சீக்கிரமே கழித்தாலும் தண்டு மெலியும்.

வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. குழி உருண்டையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் உருண்டையின் உயரத்துக்கு மேல் வேண்டாம். முதல் சில வாரம் நீரைத் தண்டையொட்டி உருண்டையின் மேலேயே விட வேண்டும், ஏனென்றால் வேர் அங்கே மட்டும்தான் இருக்கிறது. நுனியை வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒடிந்த கிளையை நீக்கினால் போதும்.

பக்கத்து ஊர்க்காரர் வாங்கினால் உங்கள் மரத்துக்கு அதிகப் பலம். மண், நீர், வெயில் எல்லாம் அதற்குப் பழக்கம், வண்டியில் காற்றுப்பட்டு வேர் காயும் நேரமும் குறைவு. காலையில் ஏற்றி அன்றே நட்டுவிடும் தூரமாக இருந்தால் அவர்களுக்கே முதலில் கொடுங்கள்.

இப்போது கையிலிருக்கும் பை மரங்களில் ஐந்தாறைப் பிரித்துப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி விரல் தடிமனில் வேர் ஓடியிருந்தால் அந்த மரத்தை விற்காமல் கழித்துவிடுங்கள்.